நத்தார் இரவில் வன்னிக்கும் பஸ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை (நவம்பர்) பிறந்ததும் பேப்பரில் சிங்கப்பூர், மலேசியா சுற்றுலா விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறையும் வந்துவிட்டன. கூடவே உங்கள் வார இதழில் சிங்கப்பூரில் நத்தார் (கிறிஸ்மஸ்) காலம் எப்படியிருக்கும் என்று ஒரு கட்டுரையும் போட்டிருந்தீர்கள். படங்கள் வடிவாக இருந்தன, எந்தக் கடையில் என்ன மலிவு, எந்த இடத்தில் நின்று படம் எடுத்தால் நல்லாயிருக்கும் என்றெல்லாம் விபரமாக எழுதியிருந்தார்கள். நானும் ஒரு நத்தார் காலத்தில் அங்கே நின்றவள் என்றபடியால் ஆசையோடு வாசித்தேன். எழுதியதில் பிழை இல்லை. ஆனால் அந்த நகரத்தில் நான் கண்டதில் இன்றுவரை மனதை விட்டுப் போகாத விஷயம் அதில் இல்லை. நத்தார் இரவில் சாமம் ஆன பிறகும் சனம் பயமில்லாமல் வீடு போய்ச் சேருகிறதே, அதைத்தான் சொல்கிறேன். அதை எழுதி, அதோடு வட இலங்கையில் இருக்கிற எங்கள் வன்னிக்காக ஒரு கோரிக்கையும் வைக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கச்சியின் மகள், எனக்குப் பெறாமகள், அங்கே தாதியாக வேலை செய்கிறாள். "பெரியம்மா, கண் தெரியும்போதே ஒருக்கா வந்து பாருங்கோ" என்று போனில் கேட்டுக் கேட்டு, கடைசியில் டிக்கட்டையும் அவளே போட்டுவிட்டாள். போக நினைக்கிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைப் பாஸ்போட்டில் சுற்றுலாவுக்குப் போக முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை, இறங்குவதற்கு முந்திய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்பினால் சரி. அது இலவசம். அதற்குக் காசு கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள், கொடுக்காதீர்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏறினால் நாலு மணித்தியாலமளவில் சிங்கப்பூர் வந்துவிடும். எங்கள் ஊர் விசுவமடுவிலிருந்து கட்டுநாயக்காவுக்குப் போகத்தான் அதைவிடக் கூட நேரம்.

சரி, முதலில் விளக்குகள். அங்கே நத்தாருக்குப் பேர்போன தெரு ஓர்ச்சர்ட் வீதி. 1984ஆம் ஆண்டு தொடக்கம் வருடாவருடம் அலங்காரம் செய்கிறார்கள், கார்த்திகை நடுவில் விளக்கைப் போட்டால் புதுவருடம் மட்டும் எரியும். தங்லின் பக்கமிருந்து டோபி காட் ரயில் ஸ்டேஷன் வரை நடந்தே போனோம். இரண்டு பக்கமும் பெரிய பெரிய மரங்கள், மரத்துக்கு மரம் விளக்கு, கடைத்தொகுதிகளின் முகப்பில் மாடி உயரத்துக்கு நத்தார் மரங்கள். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. ஒரு காலத்தில் அந்த இடமெல்லாம் சாதிக்காய்த் தோட்டமும் மிளகுத் தோட்டமுமாக இருந்ததாம், 1850களில் நோய் விழுந்து சாதிக்காய் முழுக்க அழிந்து போனதாம். வயலும் தோட்டமுமாய்ப் பிழைக்கிற ஊரிலிருந்து போன எனக்கு அந்தக் கதை விளக்குகளை விடப் பிடித்துக்கொண்டது. அந்தத் தோட்டக்காரர்கள் பிறகு என்ன செய்து பிழைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

படங்களில் தெரியாத ஒன்று மழை. எங்கள் காலபோக வயலுக்குத் தண்ணீர் தருகிற அதே வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிதான் மார்கழியில் அங்கேயும் பெய்கிறது. நத்தார் என்றவுடன் குளிர், பனி என்று நினைத்து ஸ்வெட்டர் கட்டிக்கொண்டு போகவேண்டாம், குடையைக் கொண்டு போங்கள். நாங்கள் நடந்த அன்றும் ஒரு பாட்டம் ஊற்றியது. சனம் கடை வாசல்களில் ஒதுங்கி நின்றுவிட்டு, விட்டதும் திரும்பத் தெருவுக்கு இறங்கிவிட்டது, காலடியில் தண்ணீர் நிற்கவில்லை. எப்போதும் அப்படி இருக்கவில்லையாம். 2011 மார்கழி 23ஆம் திகதி, நத்தாருக்கு இரண்டு நாள் இருக்க, இதே ஓர்ச்சர்ட் வீதியில் வெள்ளம் ஏறிக் கடைகளுக்குள் புகுந்திருக்கிறது. அதற்கு முந்திய வருடம் ஆனி மாதத்திலும் அப்படித்தான். பிறகு தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் நிலத்துக்குக் கீழே, ஒலிம்பிக் நீச்சல் தடாகம் 15 நிரம்புகிற அளவு மழைநீரைப் பிடித்து வைக்கும் தாங்கி ஒன்றைக் கட்டி 2018இல் முடித்தார்கள். அதே 2018இல், மார்கழி 21ஆம் திகதி இரவு, எங்கள் பக்கம் என்ன நடந்தது என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இரணைமடுவின் வான் கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்து, எத்தனையோ குடும்பம் அந்த நத்தாரைப் பாடசாலைக் கட்டிடங்களில் கழித்தது. அங்கேயும் மழைதான் இங்கேயும் மழைதான், ஒரே காற்று கொண்டுவருகிற மழை.

இன்னொன்று, அது கிறிஸ்தவ நாடு இல்லை. 2020 குடிசன மதிப்பீட்டின்படி நூற்றுக்கு 19 பேர்தான் கிறிஸ்தவர்கள். ஆனாலும் நத்தாருக்கு எல்லாரும் தெருவுக்கு வருகிறார்கள். தலையில் முக்காடு போட்ட மலாய்ப் பிள்ளைகள் நத்தார் மரத்தடியில் நின்று படம் எடுத்தார்கள், சீனக் கிழவி ஒருவர் பேரனுக்கு விளக்குகளைக் காட்டிக்காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே போனார். ஞாயிற்றுக்கிழமை லக்கி பிளாசா என்ற கட்டிடத்துக்குப் போனால் உள்ளே கால் வைக்க இடமில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், ஊருக்கு அனுப்பப் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டிக்கொண்டும் காசு அனுப்ப வரிசையில் நின்றுகொண்டும் இருந்தார்கள். வீட்டு வேலைக்காரருக்குக் கிழமையில் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று 2013 தொடக்கம் அங்கே சட்டமாம். அந்த ஒரு நாளை அவர்கள் எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று பார்க்க எனக்கு எங்கள் ஊரிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் போன பிள்ளைகளின் ஞாபகம் வந்தது, அவர்களில் பலருக்கு நத்தார் அன்றும் வேலைதான்.

24ஆம் திகதி இரவுப் பூசைக்கு ஓஃபிர் வீதியில் இருக்கிற லூர்து மாதா கோவிலுக்குப் போனோம். 1888இல் கட்டி முடித்த கோவில், தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே கட்டியது, பிரான்ஸில் இருக்கிற லூர்து பேராலயத்தைப் பார்த்து அதன் சாயலில் எழுப்பியிருக்கிறார்கள். உள்ளே போனதும் தமிழ்ப் பாட்டு. தமிழ்நாட்டிலிருந்து கட்டிட வேலைக்கும் கப்பல்துறை வேலைக்கும் வந்த பெடியள் குளித்துத் தலை சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசை முழுக்க நின்றார்கள். பாலன் குடிலுக்கு முன்னால் ஒவ்வொருவராய்ப் போய் முழந்தாளிட்டு, எழும்பி, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அதை அந்த இடத்திலேயே ஊருக்கு அனுப்பிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண் நான் பெறாமகளோடு கதைத்ததைக் கேட்டுவிட்டு, "அக்கா, நீங்க சிலோனா? நான் ஹட்டன் பக்கம்" என்றாள். வீட்டு வேலைக்கு வந்தவள். பூசை முடிய நடுச்சாமம் நெருங்கிவிட்டது, தனியாக எப்படிப் போவாய் பிள்ளை என்று கேட்டேன். "ரயில் இருக்குக்கா. இன்னைக்கு லேட்டா ஓடும்னு ஸ்டேஷன்ல போட்டிருக்கான். அதைக் காட்டித்தான் மேடம்கிட்ட கேட்டேன், விட்டாங்க" என்றாள்.

ரயில் இருக்கிறது என்றபடியால் அந்தப் பிள்ளைக்குப் பூசை கிடைத்தது. நத்தார் முதல்நாள் இரவில் ரயிலும் சில பஸ்களும் வழமையை விடக் கூட நேரம் ஓடும் என்பதை நான் போயிருந்த வருடம் நாட்கள் முந்தியே அறிவித்திருந்தார்கள், எந்தப் பாதையில் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று நேரத்தோடு. அறிவித்தபடி ஓடியது.

நாங்கள் போனது பஸ்ஸில், பெறாமகளின் வீடு இருக்கிற தோ பாயோவுக்கு. தரிப்பிடத்தில் எங்களோடு ஒரு தமிழ்க் குடும்பம் நின்றது, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, பட்டுச் சேலை, மடியில் நனையாமல் ஒரு பையில் சுற்றிய கேக். பஸ் வந்தது. சாரதி நடைபாதைக் கரையோடு ஒட்டி நிறுத்தினார், ஒரு முழம் இடைவெளி இல்லை. பிறகு ஆசனத்தை விட்டு எழும்பி, நடுக்கதவுக்கு வந்து, பஸ்ஸின் தரையோடு மடிந்து கிடந்த ஒரு பலகையைக் கையால் தூக்கி வெளியே விரித்தார். நாற்காலி அதன்மேல் உருண்டு உள்ளே போனது, அதற்கென்று விட்டிருந்த இடத்தில், பின்பக்கம் பார்க்கிற மாதிரி நிறுத்தி, பிரேக் போட்டாரா என்று ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு, பலகையை மடித்துவிட்டுப் போய் ஆசனத்தில் இருந்தார். பஸ் நிறையச் சனம். ஒருவரும் நேரம் போகுது என்று சொல்லவில்லை, பாட்டியை ஒருவரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தினமும் நடக்கிற விஷயம் போல. அங்கே ஓடுகிற பொது பஸ்கள் எல்லாவற்றிலும் இப்படிச் சக்கர நாற்காலி ஏறலாம் என்று பெறாமகள் சொன்னாள்.

அந்த நகரத்தில் எல்லாம் நல்லது என்று நான் எழுதவில்லை. பூசையில் பின்வரிசையில் நின்ற பெடியள் போன்றவர்களை வேலைத்தளத்துக்கு லொறியின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு போவது இன்றைக்கும் அங்கே நடக்கிறது, மழைக்குத் தறப்பாளை இழுத்துப் பிடித்தபடி அவர்கள் போவதைக் கண்ணால் கண்டேன், அது சரியில்லை என்று அங்கேயும் ஆட்கள் பேசுகிறார்கள். எங்கள் பக்கத்திலும் கூலி வேலைக்குப் போகிற பெண்களை உழவு இயந்திரப் பெட்டியில் அப்படித்தான் ஏற்றுகிறோம். அது வேறு கடிதம்.

இனி எங்கள் ஊர்.

வன்னியில் நத்தார் எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கார்த்திகைக் கடைசியிலிருந்தே பாடசாலைகளில் ஒளி விழா தொடங்கிவிடும், சைவப் பிள்ளைகளும்தான் வானதூதர் வேடம் போட்டு நடிப்பார்கள். பெடியள் கிடுகும் வைக்கோலும் கொண்டுவந்து சந்தியில் பாலன் குடில் கட்டுவார்கள். வீடுகளில் பயற்றம் பணியாரம், கொக்கிஸ், முறுக்கு சுட்டு அடுக்குவார்கள், வசதியுள்ளவர்கள் றிச் கேக்குக்கு முந்திரிகை வத்தலை ஊறப்போடுவார்கள். கரோல் வரும். எல்லாம் இருக்கிறது. 24ஆம் திகதி இரவுதான் ஆளைப் பிரித்துவிடும், மோட்டார் சைக்கிள் உள்ளவர் ஒரு பக்கம், இல்லாதவர் ஒரு பக்கம் என்று.

ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இரவிரவாகப் பஸ் ஓடுகிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீதியை விட்டு உள்ளுக்குத் திரும்பினால் பொழுதுபட்ட பிறகு ஒன்றும் இல்லை. பரந்தனிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு வழியாக முல்லைத்தீவுக்குப் போகிற வீதியாகட்டும், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகிற வீதியாகட்டும், இரவு பூசைக்குப் போய்த் திரும்புகிற சனம் எப்படிப் போகிறது? ஒரு மோட்டார் சைக்கிளில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள். மழைக்கு முன்னால் இருக்கிற பிள்ளையின் தலையில் ஒரு பொலித்தீன் பை. வயலெல்லாம் பயிர் நிற்கிற காலம் என்றபடியால் கட்டாக்காலி மாடுகள் ஈரமில்லாத இடம் தேடித் தார் வீதியில் வந்து படுத்துக் கிடக்கும், கறுத்த மாடு என்றால் கிட்டப் போகுமட்டும் தெரியாது. ஒட்டுசுட்டான் பக்கம் யானை. மழை கூடினால் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். ஓட்டோ பிடிக்கலாம்தான், அந்த இரவில் கேட்கிற காசுக்கு ஒரு குடும்பத்தின் நத்தார்ச் சட்டைகளை வாங்கிவிடலாம். விடிந்தால் ஏதாவது ஒரு ஊரிலிருந்து விபத்துச் செய்தி வரும், நத்தார்க் காலையில் செத்த வீடு. உங்கள் பேப்பரிலேயே வருடாவருடம் போடுகிறீர்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு தம்பி இருக்கிறான். 2009இல் போரில் ஒரு கால் போய்விட்டது, ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கிறான், தோட்டம் செய்கிறான், பிள்ளைகளைப் படிப்பிக்கிறான். சின்ன வயதில் கோவில் பாடகர் குழுவில் பாடினவன், நத்தார்ப் பாட்டுகளை அவன் எடுத்துக் கொடுத்தால் கோவிலே சேர்ந்து பாடும். இப்போது 24ஆம் திகதி இரவில் அவன் வருவதில்லை. சேற்றில் அந்தக் கால் வழுக்கும், இருட்டில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து போக மனைவிக்குப் பயம். பகலில் பஸ்ஸில் போகலாம் என்றாலும் ஏறுகிற படி அவனுடைய இடுப்புக்குக் கிட்ட நிற்கிறது, ஊன்றுகோலைக் கண்டதும் நிறுத்தாமல் போன பஸ்ஸும் உண்டு, கூட நின்று கண்டவள் நான். போனில் பூசை பார்க்கிறேன் அக்கா என்கிறான். வன்னியில் இப்படி எத்தனை பேர் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். அந்தச் சாரதி பலகையை விரித்தபோது எனக்கு இவன்தான் கண்ணுக்குள் வந்தான், பெறாமகள் என்ன பெரியம்மா அழுகிறீர்கள் என்று கேட்குமளவுக்கு.

எங்கள் சனத்துக்கு இரவு என்பது சும்மா நேரம் இல்லை ஆசிரியர். 2008 நத்தாரைத் தர்மபுரத்திலும் விசுவமடுவிலும் தறப்பாளுக்குக் கீழே, பங்கருக்குப் பக்கத்தில் கழித்தோம், அடுத்த கிழமையே கிளிநொச்சி விழுந்தது, பிறகு நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. 2009 நத்தார் வந்தபோது நிறையப் பேர் இன்னும் செட்டிகுளம் முகாமில் முள்ளுக்கம்பிக்கு உள்ளே. ஊருக்குத் திரும்பிய பிறகும் பொழுதுபட்டால் கதவைச் சாத்துகிற பழக்கம் பல வருடம் போகவில்லை. கோவில்களைத் திருத்தி, மணி கட்டி, திரும்ப நடுச்சாமப் பூசை வைக்கத் தொடங்கியபோது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது போக்குவரத்து இல்லை என்பதற்காக எங்கள் பக்கத்தில் சில கோவில்களில் பூசையை முன்னிரவுக்கு இழுத்துவிட்டார்கள். சுவாமிமாரைக் குறை சொல்ல மாட்டேன், சனம் பத்திரமாய்ப் போகவேண்டும் என்றுதான் செய்கிறார்கள். ஆனால் கஷ்டப்பட்டுத் திரும்ப எடுத்த இரவை ஒரு பஸ் இல்லாததற்காக விட்டுக்கொடுப்பதா?

சிங்கப்பூர் பணக்கார நாடு, எங்களால் முடியுமா என்று கேட்பார்கள். நான் நிலத்துக்கடியில் தாங்கி கேட்கவில்லை, தெரு முழுக்க விளக்கும் கேட்கவில்லை. இரவில் சனத்தை ஏற்றி இறக்க எங்கள் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். ஆவணி 15ஆம் திகதி மடுத் திருவிழா வந்தால் நாலா பக்கமிருந்தும் விசேட பஸ் விடுகிறார்கள், ரயிலும் விடுகிறார்கள். வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் என்றால் முல்லைத்தீவுப் பக்கம் விடியவிடியப் பஸ் ஓடும், காவடியும் பாற்செம்புமாய் வருகிற சனம் ஏறி இறங்கியபடி இருக்கும், நானே எத்தனையோ வருடம் சைவக்காரச் சிநேகிதிகளோடு அந்தப் பஸ்ஸில் போயிருக்கிறேன். சாரதிமார் தூக்கம் முழித்து ஓடுகிறார்கள், பொலிஸ் நிற்கிறது, பிரதேச சபை தண்ணீர் வைக்கிறது. அந்த ஏற்பாட்டில் ஒரு சின்னப் பங்கைத்தான் மார்கழி 24ஆம் திகதி ஒரே ஒரு இரவுக்குக் கேட்கிறேன்.

கேட்பது இதுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் ஆகிய நாலு இடத்து இலங்கைப் போக்குவரத்துச் சபைச் சாலைகளும் (பஸ் டிப்போக்களும்) அன்று இரவு தங்கள் பக்கத்து உள்வீதிகளில் போகும்போது ஒரு தடவை, பூசை முடிந்து திரும்பும்போது ஒரு தடவை பஸ் விடவேண்டும். பரந்தன் முல்லைத்தீவு வீதி, மாங்குளம் ஒட்டுசுட்டான் வீதி, மன்னார் பூநகரி வீதி, இந்த மூன்றும் தவறக்கூடாது. தனியார் பஸ் சங்கங்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது. காசு வாங்கட்டும், இரட்டிப்பாக வாங்கினாலும் ஓட்டோவை விட மலிவுதான், சனம் கொடுக்கும். நேரத்தை இரண்டு கிழமைக்கு முன்பே அறிவிக்க வேண்டும், அதுதான் மிக முக்கியம், கடைசி நேரத்தில் விடுகிற பஸ் வெறுமனே ஓடும், பிறகு சனம் வரவில்லை என்று அடுத்த வருடம் நிறுத்திவிடுவார்கள். பூசை நேரத்தோடு பஸ் நேரத்தையும் பங்குகளில் ஞாயிறு அறிவித்தலில் வாசித்தால் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

படி உயரமான பஸ்ஸாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும். புதுப் பஸ் வாங்கும்போது ஊனமுற்றவர் ஏறக்கூடியதாக வாங்குங்கள் என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லட்டும், எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அந்தக் கடமை உண்டு, வன்னியில் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் இதைக் கேளாமல் வேறு யார் கேட்பது? அதுவரைக்கும் ஒவ்வொரு பஸ்ஸிலும் இளைஞர் மன்றத்துப் பெடியள் இரண்டு பேர் நின்று பிடித்து ஏற்றிவிடலாம். சாரதி கரையோடு ஒட்டி நிறுத்துவதற்குப் புதுப் பஸ் தேவையில்லை.

இது கிறிஸ்தவருக்கு மட்டும் என்று யாரும் எடுக்கவேண்டாம். திருவெம்பாவைக் காலத்தில் விடியப்புறம் நாலு மணிக்குச் சங்கும் சேமக்கலமுமாய்ப் பெடியள் தெருவில் வருகிறார்கள், அந்த இருட்டில் கோவிலுக்கு நடக்கிற வயதான அம்மாமாருக்கும் இதே மாடு, இதே மழை, இதே வீதிதான். நத்தார் இரவில் ஓடத் தொடங்கினால், அடுத்தது திருவெம்பாவைக்கு, பிறகு சிவராத்திரிக்கு என்று கேட்க எங்களுக்கும் வாய் வரும். கட்டாக்காலி மாடுகளைப் பிடித்துக் கட்டவைக்கிற வேலையைப் பிரதேச சபைகள் மார்கழி முழுக்கச் செய்யவேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள், அபராதம் என்று பலகை வைத்தால் மட்டும் மாடு வாசிக்காது.

இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை இந்தக் கிழமையே போட்டால் சாலைகளில் வேலை நேர அட்டவணை போடுவதற்கு முன் அவர்கள் கண்ணில் படும். எங்கள் வீதியில் எந்தக் கோவிலில் பூசை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனைக்கு முடிகிறது, எத்தனை குடும்பத்துக்கு வாகனம் இல்லை என்ற விபரத்தை நானும் எங்கள் பங்கின் மாதர் சபைப் பெண்களும் எழுதத் தொடங்கிவிட்டோம். மற்ற வீதிகளில் இருக்கிறவர்களும் தங்கள் பக்கத்து விபரத்தைச் சேர்த்துத் தந்தால் ஒன்றாகக் கொண்டுபோய்ச் சாலை முகாமையாளர்களிடம் கையில் கொடுக்கலாம். பட்டியல் இந்த மாத முடிவுக்குள் தயாராகிவிடும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
விசுவமடு.